தொப்பியரின் கடைசிப் பக்கம்

எழுத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி வாசிக்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். இனி ஒருவரிடம் ஒருவர் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. வன்னியில் என்னோடு வளர்ந்தவர்களே, உண்மையைச் சொல்லுங்கள். மேல் மட்டையும் கடைசிப் பக்கமும் சேர்ந்திருக்கிற முழுக் கொமிக்ஸ் புத்தகம் ஒன்றைச் சின்ன வயதில் கண்டிருக்கிறீர்களா? கண்டேன் என்று யாராவது சொன்னால் அவர் கொழும்பில் வளர்ந்திருப்பார், அல்லது அளக்கிறார்.

எங்கள் தர்மபுரத்துக்குத் துப்பறிவாளர்கள் சீனிச் சரையாகத்தான் வந்துசேர்ந்தார்கள். இயக்கத்தின் கையில் இருந்த எங்கள் பகுதிக்குள் பொருள்கள் வராமல் அரசாங்கம் தடை போட்டிருந்த போர்க்காலம். பற்றரி வராது, மண்ணெண்ணெய் வராது, சவர்க்காரம் வராது. சாமான் சுற்றிக் கொடுக்கக் கடதாசியும் வராது. சந்திக் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு சாக்கு நிறையப் பழைய கொமிக்ஸ் புத்தகங்களை நிறுத்து வாங்கிவந்து, பக்கம் பக்கமாகக் கிழித்து, கூம்பாகச் சுற்றி, சீனியும் தேயிலையும் மிளகாய்த்தூளும் அதற்குள் போட்டுக் கொடுத்தார். அந்தக் கூம்புதான் சரை. தடித்த மட்டைகளை மட்டும் தன் கூரையின் ஒழுக்குகளுக்குச் செருகியிருந்தார். கடையில் நின்று அண்ணாந்து பார்த்தால் துப்பாக்கி பிடித்த கையொன்றும் ஒரு பெண்ணின் கூந்தலும் தெரியும். முகங்கள் தென்னோலைக் கிடுகுக்குள் போய்விட்டன.

அம்மா சரையைப் போத்தலில் கொட்டி முடிக்கும் வரை நானும் தம்பியும் குசினி வாசலில் காவல் நிற்போம். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஆறு. கடதாசி கைக்கு வந்ததும் மடியில் வைத்து நீவி, பக்க எண் பார்த்து, வெறும் பால்மாத் தகரம் ஒன்றுக்குள் அடுக்குவேன். சீரகம் சுற்றி வந்த பக்கம் எத்தனை நாள் போனாலும் சீரகம் மணக்கும். தேயிலை சுற்றி வந்த பக்கத்தில் வில்லனும் கதாநாயகியும் ஒரே மண்ணிறமாக இருப்பார்கள். மிளகாய்த்தூள் பக்கத்தைத் தம்பி மூக்கோடு ஒட்டிவைத்துப் படம் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவான். கொலை ஒரு கிழமை சீனியோடு வரும். கொலைகாரன் மூன்று கிழமை கழித்து உழுத்தம்பருப்போடு வருவான். இடையில் என்ன நடந்தது என்பது வேறு யாருடைய வீட்டுக் குசினியிலோ கிடக்கும்.

எங்கள் துப்பறிவாளருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அது மட்டையில்தான் இருந்திருக்கும், மட்டையோ கூரையில். உள்ளே எல்லோரும் அவரை சார் என்றார்கள். நீண்ட கோட்டும், கண்ணை மறைக்கிற தொப்பியும், மெல்லிய மீசையுமாக இருப்பார். மொட்டையைக் கண்டால் மொட்டையர், தாடியைக் கண்டால் தாடியர் என்று பெயர் வைக்கிற ஊர் எங்களுடையது. தம்பி அவருக்குத் தொப்பியர் என்று வைத்தான். அம்மா ஒருநாள் அடுப்படியில் குந்தியிருந்தபடி அந்தப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வெக்கைக்குள்ள உந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிஞ்சா, தோய்க்கச் சவக்காரத்துக்கு எங்க போறவராம்?" என்று கேட்டா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொப்பியரைப் பற்றி யாரும் பகிடி பண்ணக் கூடாது. நடக்கிற எந்த அநியாயமும் அவர் ஒருமுறை குனிந்து நிலத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று முழு மனதோடு நம்பியிருந்தேன்.

சாக்குக்குள் எது முதலில் கிழியுமோ தெரியாது, கதைகளின் கடைசிப் பக்கம் மட்டும் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. அதற்குத்தான் சைக்கிள் கடை அண்ணை இருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். தாயும் அவரும் மட்டும். எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு பாலை மரத்தின் கீழே நாலு தடி நட்டு, மேலே கிடுகு போட்டு, ஒரு தண்ணீர்ச் சட்டியும் காற்றடிக்கிற பம்பும் வைத்திருந்தார். கடை என்ற சொல் அதற்குக் கொஞ்சம் பெரிதுதான். புது ரயர் யாருக்கும் கிடைக்காத காலம் என்பதால், வெடித்த ரயரின் உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து நைலோன் நூலால் தைத்துக் கொடுப்பார். இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும். சின்ன வயதில் அவருடைய ஊர் வாசிகசாலையில் இந்தக் கொமிக்ஸ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாசித்தவராம். நாங்கள் ஒரு பக்கத்தைக் கொண்டுபோய் நீட்டினால், ரப்பர் கரைசல் ஒட்டிய விரலால் அதைத் தொடாமல் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "ஓ, இதோ. இதின்ர முடிவு எனக்குத் தெரியும்" என்று தொடங்குவார்.

எல்லா முடிவிலும் ஒரு பெரிய மண்டபம் வரும். எல்லோரையும் கதிரைகளில் இருத்திவைத்து, தொப்பியர் நடுவில் உலாத்தியபடி, யார் குற்றவாளி என்று சொல்வார். அத்தோடு கதை முடிந்ததென்று நாங்கள் எழும்பப் பார்ப்போம். அண்ணை விடமாட்டார். "பொறு, இன்னும் கிடக்கு" என்பார். அதுவரை வீணாகச் சந்தேகப்பட்ட ஆள் ஒருவர் எந்தக் கதையிலும் இருப்பாரல்லவா, தோட்டக்காரனோ காவற்காரனோ. அவருடைய குடிசைக்கு எல்லோரும் திரும்பி நடந்து போவார்கள். முத்துமாலைக் கதையில் பங்களாவின் முதலாளி தானே தேத்தண்ணி ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் காவற்காரனிடம் கொடுத்து, "பிழை விட்டிட்டம், மன்னிச்சுக்கொள்ளும்" என்பார். காவற்காரன் குடித்து முடிக்கும் வரை ஒருவரும் வாசலை விட்டுப் போகமாட்டார்கள். அண்ணை அந்த இடத்தை அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்வார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டதையும் சொல்வார்.

"அண்ணை, மன்னிப்புக் கேக்கிறதை விட்டிட்டுச் சுடுறதைச் சொல்லுங்கோ," என்பான் தம்பி.

"சுடுறது லேசடா. அது உனக்கே தெரியும்," என்பார்.

இனித் துப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். தொப்பியர் இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை "துப்புக் கிடைத்துவிட்டது" என்று சொல்வார். தம்பிக்குத் துப்புவதுதான் தெரியும். ஆகவே துப்பறிகிறவர் என்றால் மற்றவர்கள் துப்பியதை ஆராய்கிறவர் என்று விளங்கிக்கொண்டான். சில நாட்கள் றோட்டில் கிடக்கிற வெற்றிலைத் துப்பல்களைக் குந்தியிருந்து பார்த்து, "இது கோயிலடிக் கிழவர்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அம்மா பூவரசம் தடி முறித்த பிறகுதான் நிறுத்தினான். அண்ணை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவனை மடிக்குக் கிட்ட இழுத்து விளக்கம் சொன்னார்.

"துப்பு எண்டாத் துப்புறதில்லையடா. ஒரு ஆளைப் பிடிக்கிறதுக்கு இன்னொரு ஆள் குடுக்கிற அடையாளம். விளங்கிச்சோ?"

"அப்ப எங்களுக்கும் துப்புக் குடுங்கோ."

அன்றிலிருந்து அது விளையாட்டானது. ஒவ்வொருவரின் ரயரிலும் அவர் போட்ட தையல் ஒவ்வொரு மாதிரி. சைக்கிள் மணலில் உருளும்போது தையலும் பதியும். அண்ணை காலையில் திருத்தக் கிடக்கிற சைக்கிள் சில்லு ஒன்றை மரத்தடி மணலில் ஒருமுறை உருட்டிவிட்டு, அதை எடுத்து ஒளித்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாங்கள் தடத்தைப் பார்த்து யாருடைய சைக்கிள் என்று சொல்ல வேண்டும். சாய்வாக மூன்று தையல் என்றால் பள்ளிக்கூட வாத்தியார். சிலுவை மாதிரி என்றால் அப்பா. "இண்டையான் துப்பு இதுதான். வேற ஆக்களுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, கேஸ் பழுதாப்போம்," என்று தொப்பியரின் குரலில் சொல்வார். நான் கெட்டிக்காரி. ஒன்றும் பிழைத்ததில்லை. என் வாழ்க்கையில் நான் ஏதோ ஒன்றில் உண்மையாகவே திறமாக இருந்தது அந்தச் சில மாதங்களில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருநாள் சந்திக்கு அப்பால் அரசாங்க விமானம் வந்து குண்டு போட்டது. ஒரு வீடு முழுதாகப் போய்விட்டது. அந்த வீட்டில் என்ன இருந்தது, எதற்காக அங்கே போட்டான் என்று ஊர் முழுக்க ஒரே கதை. அடுத்த கிழமை சீனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, கடைவாசலில் சனம் கூடி நின்றது. நானும் தம்பியும் நின்றோம்.

"வெறுமனே வந்து போட்டவனே? ஆரோ துப்புக் குடுத்திருக்கினம்," என்றார் குடை வைத்திருந்த ஒருவர்.

"அதுதானே. ஆர் குடுத்ததெண்டு தெரிஞ்சாப் போதும்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

தெரிந்த கேள்விக்குக் கை உயர்த்தாமல் இருக்க எந்த ஆறு வயதுப் பிள்ளையால் முடியும்? "எனக்குத் தெரியும்," என்றான் தம்பி. "சைக்கிள் கடை அண்ணைதான் துப்புக் குடுக்கிறவர். ஒவ்வொரு நாளும் குடுக்கிறவர். வேற ஆக்களுக்குச் சொல்லக் கூடாதாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். குடைக்காரர் மற்றவரைப் பார்த்தார். "அந்தாள் யாழ்ப்பாணத்தால வந்ததெல்லே," என்றது ஒரு குரல். அங்கே நின்றவர்களில் பாதிப் பேரின் தகப்பன்மார் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தான். நாங்கள் முதல் வந்தோம், அவர் பிறகு வந்தார், வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் சத்தமாகத்தான் சொன்னேன். "அது கொமிக்ஸில வாற துப்பு. ரயர் அடையாளம் பாத்து விளையாடுறனாங்கள். கடைக்கார மாமா, உங்கட கையில இருக்கிற கடதாசியைப் பாருங்கோ, அதிலயும் கிடக்கும்."

கடைக்காரர் கையைப் பார்த்தார். அவர் சுற்றிக்கொண்டிருந்த சரையில், சத்தியமாக, தொப்பியர் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் வாசித்திருப்பார். வாய் அசைந்தது. பிறகு சரையை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுற்றி, சீனியைப் போட்டு, மேல்பக்கத்தை மடித்துவிட்டு, "அடுத்த ஆள் வாங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். "சின்னப் பிள்ளையின்ர கதையை ஆர் கணக்கில எடுக்கப்போயினம்," என்றார். அது அப்பாவின் முதல் பிழை. சின்னப் பிள்ளையின் வாயில் பொய் வராது என்றுதான் எங்கள் ஊர் நம்பும். குறி கேட்கக்கூடச் சின்னப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டொரு நாளில், நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மரத்தடியில் அண்ணை இல்லை. ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றது. சட்டித் தண்ணீரில் பாலை இலை மிதந்தது. அவருடைய தாய் பக்கத்தில் அவர்கள் இருந்த கொட்டிலுக்குள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அதில் அரிசி இருந்தது, கை அசையவில்லை.

"விசாரிச்சிட்டு விடுறமெண்டு கூட்டிக்கொண்டு போட்டினம், பிள்ளை," என்றா.

நான் குனிந்து நிலத்தைப் பார்த்தேன். மணலில் இரண்டு சைக்கிள்களின் தடம் வந்து, திரும்பிப் போயிருந்தது. இரண்டிலும் தையல் இல்லை. முழுசான, புது ரயர்கள். திரும்பிப் போன தடங்களில் ஒன்று மற்றதைவிட ஆழமாக இருந்தது. சைக்கிள் பாரில் ஒருவரை ஏற்றியிருக்கிறார்கள். புது ரயர் யாரிடம் இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தார் றோட்டு வரை அந்தத் தடத்தோடு போனேன். றோட்டில் ஏறிய பிறகு ஒன்றும் தெரியவில்லை. தொப்பியராக இருந்தால் அங்கே ஒரு சிகரெட் துண்டாவது கிடைத்திருக்கும். எனக்கு வெறும் வெயில்தான் கிடைத்தது.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணையின் தாய் எங்கள் படலை வாசலுக்கு வந்தா. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"தம்பி, உங்கட பிள்ளையள்தானே அவனோட விளையாடித் திரிஞ்சது. என்ன விளையாட்டெண்டு உங்களுக்கும் தெரியும். ஒருக்கா என்னோட வந்து அதைச் சொல்லுங்கோவன்," என்றா அப்பாவிடம்.

அப்பா சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மற்றத் தோளில் போட்டார். "பாப்பம், அம்மா," என்றார்.

அவ போன பிறகு பால்மாத் தகரத்தைத் திறந்து, துப்பு என்ற சொல் பெரிய எழுத்தில் வருகிற பக்கமொன்றைத் தேடி எடுத்து, அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அதை ஆறுதலாக வாசித்தார். அப்பா ஒரு கொமிக்ஸ் பக்கத்தை வாசித்தது அந்த ஒரு தடவைதான்.

"ஓம். நீ சொல்லுறது சரிதான்."

"அப்ப கொண்டுபோய்க் காட்டுங்கோவன் அப்பா."

"காட்டலாம். உனக்கேன் அவனில இவ்வளவு அக்கறை எண்டு அவங்கள் என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுறது?" அப்பா கடதாசியை மடித்து என்னிடமே தந்தார். "பாப்பம்."

அப்பாவை வெறுத்தேன். இதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது. கதைகளில் உண்மை கிடைக்கும் வரைதான் கஷ்டம், கிடைத்துவிட்டால் எல்லோரும் மண்டபத்துக்கு வந்து கதிரையில் இருப்பார்கள். இங்கே உண்மை என் கையில் மடித்துக் கிடந்தது. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். வாத்தியார் வகுப்பில் என் முகத்தைப் பார்க்காமல் பாடம் நடத்தியதிலிருந்து அவருக்கும் தெரியும் என்று கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் தெரிந்ததை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் கேள்விக்கு எந்தச் சரையிலும் பதில் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது பால்மாத் தகரம் வெறுமையாகக் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா பக்கங்களை எல்லாம் அடுப்புக்குள் வைத்துச் சோறு காய்ச்சிவிட்டா. "உந்தக் கோதாரிக் கடதாசியாலதான் எல்லாம். நாளைக்கு இங்கயும் வந்து பாத்தா?" என்றா. அம்மா சாம்பலையும் கிளறி ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்ததைக் கண்டு நான் சண்டை பிடிக்கவில்லை. அன்றைய சோற்றில் எனக்குச் சீரக மணம் அடித்தது. தம்பி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணை எங்க?" என்று கேட்டபோது, "வேலையாப் போட்டார்" என்றா அம்மா. வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக நின்ற விஷயம் அது ஒன்றுதான்.

அண்ணை திரும்பி வந்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எங்களுக்கு அப்போது வருவாரா என்று தெரியாமல்தானே இருந்தது. தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுத் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலையில் மரத்தடியில் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. வெளியில் ஒரு காயமும் தெரியவில்லை. மெலிந்திருந்தார். யாராவது பின்னால் வந்தால் திடுக்கிட்டுத் திரும்பினார். பிழையில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்களாம். ஊரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்பாவும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், நான் பின்னால் போனேன். "காத்து நிக்குதில்லை. ஓட்டை போல," என்றார் அப்பா. அண்ணை ரியூப்பைக் கழற்றி, காற்றடித்து, சட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழியும் வரவில்லை. ஒரு சுற்று முழுதாகப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எனக்குக் கண் வால்வில் போனது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த புழுதியில் விரல் அடையாளம் புதிதாக இருந்தது. அப்பாவின் பெருவிரலிலும் அதே கறுப்புப் புழுதி. வீட்டில் தன் கையாலேயே காற்றைத் திறந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அண்ணையும் கண்டிருப்பார். அவருக்குத் தெரியாத வால்வா. அப்பா அண்ணையின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். நான் அப்பாவின் வாயைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று. "மழை வரும் போலக் கிடக்கு," என்றார் அப்பா.

"ஓம்," என்றார் அண்ணை.

பிறகு அண்ணை ரியூப்பின் நல்ல இடமொன்றை அரத்தால் தேய்த்து, கரைசல் பூசி, ஊதிக் காயவைத்து, ஓட்டையே இல்லாத ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

அன்று எனக்கு அது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. இப்போது அப்படி இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. அந்த ஒட்டை நினைக்கும்போது, அப்பா அந்த இரண்டு வளவைத் தாண்டி நடந்து போனாரே என்றும் வருகிறது, அங்கே போயும் சொல்லவில்லையே என்றும் வருகிறது. இரண்டில் எதைப் பிடிப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமை வீட்டுக்கு வந்த கொத்தமல்லிச் சரையை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு அண்ணையிடம் ஓடினேன். அதில் தொப்பியர் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இதின்ர முடிவு என்ன?"

வழக்கம்போலத் தலையைச் சரித்துப் பார்த்தார். பிறகு அதை வாங்கி, நாலாக மடித்து, என் கையிலேயே வைத்தார். "தெரியேல்லைப் பிள்ளை. இது நான் வாசிக்காதது."

மாரி தொடங்க முன்னம் தாயும் அவரும் போய்விட்டார்கள். முள்ளியவளைப் பக்கம் என்றார்கள். அதற்குப் பிறகு நாம் எல்லோரும் எத்தனை இடம் ஓடினோம் என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் சொல்லத் தேவையில்லை. எல்லாம் முடிந்து, நான் ஆசிரியையாகி, முள்ளியவளைக்கு மாற்றலாகிப் போய் இருந்த வருடங்களில் றோட்டோரம் கண்ட சைக்கிள் கடை ஒன்றையும் விடவில்லை. என் ரயரில் காற்றுக் குறையாத நாளிலும் நிறுத்தியிருக்கிறேன். அப்பாவின் மகள்தானே. அங்கே யாருக்கும் அவரைத் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்றால், அண்ணை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது. அப்போது தொப்பியரின் பெயரும் தெரியாது, அவருடைய பெயரும் தெரியாது.

தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான். அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு நீளமான கோப்பு அனுப்பியிருந்தான். பழைய கொமிக்ஸ் ஒன்றை யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் தொப்பியர். முத்துமாலைக் கதை. மட்டை, பெயர் எல்லாம் இருந்தது. ஒரு பக்கத்திலும் சீரக மணம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

மண்டபம் இருந்தது. கதிரைகள் இருந்தன. குற்றவாளியை விலங்கிட்டுக் கொண்டு போகிறார்கள். முதலாளி தொப்பியரின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். முற்றும் என்று போட்டிருந்தது. காவற்காரனைத் தேடி ஒரு பக்கம் பின்னால் போனேன், இன்னும் பின்னால் போனேன். ஏழாம் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பிறகு அவன் கதையில் இல்லை. அவனை விட்டார்களா என்றுகூட யாரும் எழுதவில்லை. தேத்தண்ணி இல்லை, சீனி இல்லை. அந்த வாசலில் ஒருவரும் வந்து நிற்கவில்லை. அதெல்லாம் அண்ணை போட்டது. ஒவ்வொரு கதையிலும் அவர்தான் அந்த ஆளைத் தேடிப் பிடித்து, எல்லோரையும் நடத்திக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். போனை மேசையில் வைத்துவிட்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் குரற்செய்தி வந்தது. சிரித்துக்கொண்டு பேசினான்.

"அக்கா, கடைசிப் பக்கம் பாத்தனீங்களே? அந்த மனிசன் பொய் முடிவு சொல்லி எங்களை நல்லாப் பேய்க்காட்டியிருக்கிறார் என்ன. இப்பவும் பிள்ளையளுக்குக் கதை சொல்லேக்க நான் அவர் சொன்ன முடிவைத்தான் சொல்லுறனான். அவர் இப்ப எங்கையாம்? திடீரெண்டு ஒருநாள் வேலையாப் போட்டார் எண்டு அம்மா சொன்னது ஞாபகம் இருக்கு, பிறகு ஒண்டும் ஞாபகமில்லை. நீங்கள் அங்கதானே இருக்கிறியள். ஆரிட்டையாவது ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ. ஏதும் துப்புக் கிடைச்சாச் சொல்லுங்கோ அக்கா."

அதை மறுபடியும் போட்டுக் கேட்டேன். அவன் குரலில் ஒரு பாரமும் இல்லை. கடைவாசலில் கை உயர்த்திய அதே குரல்தான், கொஞ்சம் தடித்திருக்கிறது. சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது, அவன் அதைக் கேட்டுவிட்டு அந்தக் குளிர் நாட்டில் எங்கே கொண்டுபோய் வைப்பான்? சொல்லாவிட்டால், அந்த மனிதருக்கு நடந்ததை நினைத்துப் பார்க்க என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன். எழுதியதை அழித்தேன். கடைசியில் ஒரு சொல்தான் மிஞ்சியது. அதை அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன்.

பாப்பம்.